அபிதா இல்லாத ஒரு மாலை

மாலை ஆறு ஐம்பத்தைந்து. கூடலூர் மெயின்ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் மண்பாதை. ஒன்றரை கிலோமீட்டர். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். நடுவில் ஒரு விளக்குக்கூடக் கிடையாது. மருந்து அடித்த அன்று அந்த வழியாகப் போனால் தொண்டை கசக்கும். மற்ற நாட்களில் ஈரமண் வாசம்... வேறொன்றும் இல்லை.

மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஜீப் அந்தப் பிரிவில்தான் இறக்கிவிடும். கடைசியாக இறங்குகிறவள் ஜீப்பின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவாள். டப்... டப். எல்லாரும் இறங்கியாயிற்று, வண்டி போகலாம் என்று அர்த்தம். அப்புறம் இருட்டில் நடை. கையில் தூக்குவாளி ஆடும்...

"ஏ டைரி, பேயி எத்தன மணிக்கு வரும்? அத மொதல்ல சொல்லிரு. நான் அதுக்கு முன்னாடி பாத்ரூம் போயிட்டு வந்துர்றேன்" என்றான் ஜஸ்டின்.

மாலை வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஆண்டிபட்டியில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. இரண்டாம் நாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் ஒரே ஜமுக்காளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு பேய்க்கதை என்று முடிவாகி, என் முறை வந்தது. எதையும் நோட்டில் எழுதிவைப்பவள் என்பதால் முதல் நாளிலிருந்தே அவர்களுக்கு நான் டைரி. அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லும்போது கூட்டிவிட்டேனோ குறைத்துவிட்டேனோ என்று அப்புறம் சந்தேகம் வந்தது. அதனால் பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்து எழுதுகிறேன்.

இது நடந்தது எனக்கில்லை. என் தோழி பெனிஷாவின் அக்காள் மகளுக்கு. எனக்கில்லை என்று சொல்வதும் முழுக்கச் சரியா என்று தெரியவில்லை.

பெனிஷாவின் அக்காள் பெயர் கிருபாவதி. போன அக்டோபரில் அவர்கள் வந்த ஜீப் மலைப்பாதை வளைவில் கவிழ்ந்தது. எங்கள் ஊரில் செத்தது அவள் ஒருத்திதான். வயது முப்பத்திரண்டு. புருஷன் அமல்ராஜ் கம்பம் மார்க்கெட்டில் வாழைத்தார் ஏற்றும் வேலைக்குப் போகிறவர். வீடு திரும்ப ஒன்பது மணி ஆகும். ஒரே பிள்ளை அபிதா. ஐந்தாம் வகுப்பு.

ஊர் சமுதாயக்கூடத்தில் ஐந்தரை முதல் ஏழு வரை நான் வகுப்பு எடுக்கிறேன். பதினான்கு பிள்ளைகள். தினமும் தேதி, வந்தவர்கள் எத்தனை பேர், என்ன நடத்தினேன், எங்கே சொதப்பினேன் என்று எழுதிவிடுவேன். நவம்பரில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: 'அபிதா 6.45க்கு எழுந்து போனாள்.' மறுநாளும் அதேதான். அதற்கும் மறுநாள் காரணம் கேட்டேன்.

"அம்மா வர்ற நேரம்க்கா" என்றாள்.

வாய் தவறிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதையே சொன்னாள்.

அந்த வாரமே பெனிஷா என்னைத் தேடி வந்துவிட்டாள். "தெனம் அம்மா வருதுன்னு சொல்லுதுடி. அது வந்தாத்தான் சோறு திங்குது. அத்தான் கேட்டுட்டு சுவத்துல முட்டிக்கிட்டு அழுறாக. நீ சயின்ஸு படிச்சவதான? புள்ள மனசுல இருந்து இத எப்படியாச்சும் எடுத்து விட்ரு, ஆத்தா."

சரி என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று இப்போது தெரியவில்லை.

அந்த மாதம் வகுப்பில் விஞ்ஞானிகள் ஒரு விஷயத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். கேள்வி, ஊகம், சோதனை, குறிப்பு, முடிவு. ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தேன். முதல் சோதனை எறும்பு. எறும்புக்குப் பிடித்தது சீனியா, கருப்பட்டியா? இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் வைத்துவிட்டுத் திரும்பினால் கருப்பட்டியைக் காணோம். முன்வரிசையில் இருந்த திரிஷாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"எறும்பு வர லேட்டாச்சுக்கா" என்றாள். வகுப்பே சிரித்தது. அபிதாவும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம், ஆளுக்கொரு கேள்வி எழுதி வாருங்கள் என்றேன். மழைக்கு முன்னால் தட்டான் ஏன் தாழப் பறக்கிறது, ஈரத்துணி வெயிலில் சீக்கிரம் காயுமா காற்றில் சீக்கிரம் காயுமா, இந்த மாதிரி. அபிதாவின் சீட்டைப் பிரித்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

'என் அம்மா தினமும் வருகிறார். அது உண்மையா, எனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?'

சீட்டை மடித்து என் நோட்டுக்குள் வைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் அவளிடம் விவரம் கேட்டு எழுதினேன். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாளாம். முதலில் தகரத்தில் இரண்டு தட்டு. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரோட்டிலிருந்து அது எப்படிக் கேட்கும் என்று கேட்டேன். தெரியாது, கேட்கும் என்றாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் தூக்குவாளி வைக்கிற சத்தம். பச்சை ஏலக்காய் வாசம். அப்புறம் நிலைப்படியில் யாரோ உட்கார்ந்து, 'ஸ்ஸப்பா...' என்று ஒரு மூச்சு.

"திரும்பிப் பாத்தியா?"

"இல்லக்கா. பாத்தா போயிருமோன்னு... பாக்கல."

மூன்று நாள் வகுப்பைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு அவள் வீட்டில் போய் உட்கார்ந்தோம். நான், அபிதா, துணைக்குத் திரிஷா. ஆளுக்கொரு தாள். கேட்டதை, முகர்ந்ததை நேரம் போட்டு எழுத வேண்டும். பேசக் கூடாது, அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது. மூன்று நாளும் அபிதாவின் தாளில் தட்டு, தூக்குவாளி, வாசம், மூச்சு எல்லாம் இருந்தது. திரிஷாவின் தாளில் 'தவளை. பக்கத்து வீட்டு சீரியல். அக்கா வயிறு கத்தியது.' என் தாளில் ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம். இரண்டாம் நாள் மட்டும் ஒரு வரி: '6.58. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வாலாட்டியது.' தேவையில்லாத குறிப்பு என்று பக்கத்திலேயே எழுதி அடித்திருக்கிறேன்.

இத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் முடிவு என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறைப்படி, எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். எதை மாற்றுவது என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். அபிதாவை மாற்றுவது என்று முடிவு செய்தேன். அதே வீடு, அதே நேரம். அவள் மட்டும் அங்கே இருக்கக் கூடாது. அவள் இல்லாதபோதும் ஏதாவது நடந்தால், அது வெளியிலிருந்து வருவது. நடக்காவிட்டால், அவள் மனசில் இருப்பது.

சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"நான் இல்லன்னா அம்மா தேடும்க்கா."

"ஒரு நாள்தானடா."

"ஒரு நாளும் நான் இல்லாம இருந்ததில்லக்கா. வேல விட்டு வரும்போது நான் அங்கன இருக்கணும். அம்மா அப்படித்தான் சொல்லிருக்கு."

"சோதனைக்காகத்தான். ஒரே ஒரு நாள்" என்றேன்.

வெள்ளிக்கிழமை. அபிதாவைப் பெனிஷா வீட்டில் விட்டோம். வீட்டுத் தரை முழுக்க, வாசலிலிருந்து உள்சுவர் வரை, கோலப்பொடியைச் சல்லடையில் சலித்துத் தூவினேன். அரிசி மாவு என்றால் எறும்பும் கரப்பானும் வந்து கலைத்துவிடும். அதனால் கல்மாவு. ஜன்னலைச் சாத்தினேன், காற்றில் பறக்காமல் இருக்க. பின்பக்கமாகவே நடந்து வந்து என் கால்தடத்தின் மேலும் தூவினேன். பூட்டினேன். சாவி என் கையில். இத்தனையும் யோசித்தவள், அந்தப் பிள்ளை சொன்ன ஒன்றை யோசிக்கவில்லை.

மண்டபத்தில் யாரோ செல்போன் டார்ச்சைப் போட்டார்கள். "அணைங்கப்பா" என்றான் ஜஸ்டின். இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை.

ஏழே காலுக்கு நானும் திரிஷாவும் போய்ப் பூட்டைத் திறந்தோம். வாசலில் பொடி கலையவில்லை. போட்டது போட்டபடி. நிலைப்படி, அதற்கு அடுத்த மூன்றடி, எல்லாம் சுத்தம். ஒரு கால்தடம் கிடையாது. எனக்கு உயிர் வந்தது.

"அக்கா..." என்றாள் திரிஷா. "உள்ள பாருங்க."

கைத்தடம்.

காலே இல்லை. கை மட்டும். உள்ளங்கையை விரித்து, தரையோடு இழுத்து இழுத்துத் துழாவிய தடம். கரண்ட் போன நேரத்தில், தூங்குகிற பிள்ளை எந்தப் பக்கம் உருண்டு கிடக்கிறது என்று பாயைத் தடவிப் பார்ப்போமே, அது மாதிரி. முதலில் அபிதா உட்காரும் இடத்தில். அதே இடத்தில் பல தடவை, பொடியெல்லாம் வழிந்து தரை தெரிகிற அளவுக்கு. அப்புறம் பாய். கட்டிலுக்கு அடியில், கை எட்டுகிற தூரம் வரை. அரிசி டிரம்முக்குப் பின்னால். கதவு மூலையில். ஒளிந்து விளையாடும் பிள்ளையை எங்கெல்லாம் தேடுவோமோ அங்கெல்லாம்.

சுவரில் அபிதாவின் பள்ளிக்கூடச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு தோளிலும் வெள்ளை வெள்ளையாகப் பொடி அப்பியிருந்தது. யாரோ அந்தச் சட்டையைப் பிள்ளை என்று நினைத்துப் பிடித்திருக்கிறார்கள்.

ஏலக்காய் வாசம் அடித்ததா என்று மண்டபத்தில் கேட்டார்கள். அடித்தது. ஆனால் அந்த நேரத்தில் என் மூக்கை நான் நம்பவில்லை.

நான் செய்தது இதுதான். விளக்குமாற்றை எடுத்து எல்லாவற்றையும் கூட்டினேன். ஒரு படம்கூட எடுக்கவில்லை. சட்டையை உதறினேன். ஈரத்துணியால் தரையைத் துடைத்தேன். பெனிஷாவுக்குக் கொடுத்த வாக்கு, அமல்ராஜ் அண்ணன் முட்டிக்கொள்ளும் சுவர், சோறு தின்னாத பிள்ளை... இதெல்லாம் காரணம் என்று அப்போது நினைத்தேன். பயம்தான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். திரிஷாவிடம் யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன். "சொல்ல மாட்டேன்க்கா. ஆனா இனிமே இந்த வீட்டுக்கு என்னயக் கூப்புடாதீக" என்றாள்.

அபிதா பெனிஷா வீட்டு வாசலில் நோட்டும் பென்சிலுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா. பொடி போட்டது போட்டபடி இருந்துச்சு."

என் முகத்தையே பார்த்தாள். நான் பார்வையை மாற்றவில்லை. அதற்குப் பெரிய முயற்சி தேவைப்பட்டது. அவள் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். 'ஊகம்: அம்மா வருகிறார். முடிவு: ஊகம் தவறு.' கையெழுத்து அழகாக இருந்தது. அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள்.

மறுநாளிலிருந்து அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. "நீங்க சொன்னது சரிதான்க்கா. வரல" என்றாள். அதற்கப்புறம் ஆறே முக்காலுக்கு எழுந்து போவதில்லை. ஏழு வரை இருந்தாள். சோறு நேரத்துக்குத் தின்றாள். பெனிஷா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அமல்ராஜ் அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து, "ஒன்னாலதான் தாயி புள்ள தெளிஞ்சுச்சு" என்றார். அந்தப் பழத்தை நான் தின்னவில்லை.

சனிக்கிழமை ஏழு மணிக்கு மேல் பக்கத்து வீட்டு இருதயம்மாள் அக்கா எல்லாரையும் ஏசிக்கொண்டு நின்றார்கள். "யாருடி எங்க வீட்டுக்குள்ள வந்தது? பாயெல்லாம் இழுத்துப் போட்டுக் கெடக்கு. டிரம்மு நகந்து கெடக்கு. ஒண்ணும் காணாமப் போகல... ஒரே ஏலக்கா வாசம்."

ஞாயிற்றுக்கிழமை அதற்கடுத்த வீடு. இஞ்ஞாசிமுத்து மாமாவின் பேரன் காய்ச்சலில் படுத்திருந்தவன், "அம்மா கைய வச்சு மூஞ்சியத் தடவிப் பாத்துச்சு" என்றான். அந்த நேரத்தில் அவன் அம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் அங்கேதான் நின்றேன். மணி ஏழு இருக்கும்.

திங்கள், அதற்கடுத்த வீடு. செவ்வாய், அதற்கடுத்தது.

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சொந்த வீட்டில் பிள்ளையைக் காணோம். அதனால் ஒவ்வொரு வீடாகத் தேடிக்கொண்டு வருகிறாள். ஒரு நாளைக்கு ஒரு வீடு. தெருவை வரைந்து வீடுகளைக் குறித்துப் பார்த்தேன். புதன்கிழமை கடைசி வீடு. வியாழக்கிழமை சமுதாயக்கூடம். அதற்கப்புறம் ஊர் முடிந்துவிடுகிறது. பந்தல்தான். இருட்டுதான். அங்கே போனவள் திரும்புவாளா என்று எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மற்றப் பிள்ளைகளை ஆறரைக்கே அனுப்பிவிட்டேன். அபிதாவுக்கு மட்டும் கணக்கு இருக்கிறது என்றேன். வீட்டில் உட்காருவது போலவே வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தேன். டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. நான் மூலையில், மடியில் நோட்டு. அந்தப் பக்கத்தில் என் எழுத்தை இப்போது எனக்கே படிக்க முடியவில்லை.

6.55. தகரத்தில் இரண்டு தட்டு. கேட்டது.

6.58. வாசலில் தூக்குவாளி.

அந்த வாசம். பிறகு அந்த மூச்சு... 'ஸ்ஸப்பா.' நாள் முழுக்க நின்று வேலை செய்தவள் விடுகிற மூச்சு. அதில் பயமுறுத்துகிற எதுவுமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் சிமெண்டுத் தரையில் உள்ளங்கை இழுபடுகிற சத்தம். சர்ர்... சர்ர்... பெஞ்சுக்கு அடியில். அலமாரி ஓரத்தில். ஆளைக் காணோம். சத்தம் மட்டும் கிட்டே வந்தது. என் முகத்தில் ஒரு கை பட்டது. குளிர்ந்த கை இல்லை. சூடான, காய்ப்பு ஏறிய கை. நெற்றியை, காதை, தாடையைத் தடவிப் பார்த்தது. நான் அவள் பிள்ளை இல்லை என்று தெரிந்துகொண்டு விலகியது.

அபிதாவின் பக்கம் போனது. அங்கே நின்றுவிட்டது.

இரண்டு நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. அபிதாவின் பென்சில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ரிப்பன் நுனி ஆடியது. மேலே ஃபேன் ஓடியதால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

7.02. வாசம் போய்விட்டது. அன்றைக்குப் பிறகு எந்த வீட்டிலும், எந்த ஊரிலும், இப்படி எதுவும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

"அபிதா... ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இல்லையேக்கா. ஏன்?"

அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை நான் பொய் சொன்னதை, பொடியில் கை இருந்ததை, சட்டையைப் பிடித்துப் பார்த்ததை, ஆறு நாளாக ஒவ்வொரு வீடாகத் தேடியதை, இப்போது வந்ததை. அவள் அழவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தபடியே பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தக் கைத்தடம் எங்கக்கா?"

"கூட்டிட்டேன்."

"போட்டோ?"

"எடுக்கல."

"அன்னைக்கு நோட்டுல எழுதுனீகளா?"

எழுதியிருந்தேன். 'மாற்றமில்லை' என்று.

"அப்ப எப்படிக்கா நம்புறது?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேட்டுக்கொண்டே முகத்தை நிமிர்த்தினாள்.

எங்கள் ஊர் வேதக்கார வீடுகளில், பிள்ளை தூங்கப் போகும்முன் தாய் தன் கட்டைவிரலால் அதன் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிடுவாள். டியூப்லைட் வெளிச்சத்தில் அபிதாவின் நெற்றியில் அந்தச் சிலுவை இருந்தது. ஈரமாக. ஏலக்காய் பறிக்கிறவர்கள் விரலில் ஏறும் கறுப்புக் கறையில், குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு.

"அபிதா, அசையாத... அப்படியே இரு..." என்று செல்போனைத் தேடினேன்.

"என்னக்கா? வேர்த்துருக்கா?" என்று புறங்கையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். மறுபடி குனிந்து கணக்கைத் தொடர்ந்தாள். கை பட்ட இடத்தில் நோட்டில் கறுப்பாகக் கொஞ்சம் ஒட்டியது. ரப்பரை எடுத்தாள். பக்கம் வெள்ளையாகும்வரை அதையும் தேய்த்து அழித்தாள்.